வாளியில் பிடித்த காற்று

மலர்க் குழுவிலிருந்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "குறிஞ்சிப்பாடிக்காரர் நீங்க. கல்லூரி நாட்களைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுங்க" என்றார். கேண்டீன் சமோசா, வைவாவில் முழித்த முழி, கடைசி பெஞ்சுக் கதைகள் என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் ஓடியும் விட்டது. படித்துப் பார்த்தால், அதே சமோசாவைப் பற்றிப் போன மலரிலேயே மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள்! கிழித்துப் போட்டுவிட்டேன். பதினைந்து வருடமாக மனதில் கிடக்கும் வேறொரு விஷயத்தை எழுதுகிறேன். இதுவும் கல்லூரி நினைவுதான். ஆனால் கொஞ்சம் வரலாறு கலந்தது. கொஞ்சம் வெட்கமும் கலந்தது.

2006-ல் சேர்ந்து 2010-ல் வெளியே வந்த இன்ஸ்ட்ருமென்டேஷன் மாணவன் நான். இன்றைக்குச் சென்னையில் தொழிற்சாலைகளுக்கு வாயுக் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவிகளைப் பொருத்துவதும், அவை சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பதும்தான் என் பிழைப்பு. அளவெடுப்பதையே தொழிலாகக் கொண்டவன், அளவெடுப்பது என்றால் என்ன என்பதை யாரிடம் கற்றுக்கொண்டான் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஜன்னலைச் சாத்துங்கப்பா!

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் பயணம் செய்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். கடலூர் முதுநகரைத் தாண்டியதும் உப்பனாற்றை ஒட்டி சிப்காட் தொழிற்பேட்டை. மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி, பிளாஸ்டிக் மூலப்பொருள் என்று பெரும்பாலும் ரசாயனத் தொழிற்சாலைகள். 1980-களில் தொடங்கி ஒவ்வொன்றாக வந்தவை. பேருந்து அந்த இடத்துக்கு வரும்போது யாராவது ஒருத்தர் "ஜன்னலைச் சாத்துங்கப்பா!" என்று சத்தம் போடுவார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் அமைதியாக இருப்போம். அப்புறம் மறுபடி அரட்டை ஆரம்பித்துவிடும்.

நமக்கு ஐந்து நிமிடம். ஈச்சங்காடு, குடிகாடு, செம்மங்குப்பம், சோனஞ்சாவடி, பச்சையாங்குப்பம், சங்கொலிகுப்பம், காரைக்காடு என்று அந்தப் பக்கத்து ஊர்களில் இருப்பவர்களுக்கு? அவர்களால் ஊரையே சாத்திக்கொள்ள முடியுமா?

எங்கள் அத்தையை, அதாவது அப்பாவின் அக்காவை, அப்படி ஓர் ஊரில்தான் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பரீட்சை நேரத்தில் சில நாட்கள் அவர் வீட்டில் தங்கியிருக்கிறேன். "ராத்திரி பதினோரு மணிக்கு மேல ஒரு நாத்தம் வரும் பாரு, தூங்கவே முடியாது" என்பார். நான் கெட்டிக்காரத்தனமாக, "நாத்தத்தை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது அத்தை. அதுக்கெல்லாம் மீட்டர் இருக்கு" என்று பதில் சொல்லியிருக்கிறேன். அத்தை சிரித்துக்கொண்டே சோறு போடுவார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் வீடு தறி வீடு. குறிஞ்சிப்பாடிக் கைலி என்றால் தெரியாதவர்கள் இல்லை. என் அப்பா நூலை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்து, இது நாற்பதாம் நம்பர், இது அறுபதாம் நம்பர் என்று சொல்லிவிடுவார். தராசில் போட்டுப் பார்த்தாலும் அதேதான் வரும். அப்பாவின் விரலை நம்பிய எனக்கு, அவருடைய அக்காவின் மூக்கை நம்பத் தோன்றவில்லை! பொறியியல் படிக்கிறேன் என்ற மிதப்புதான் காரணம்.

நாற்பது கேள்விகள்

இறுதியாண்டில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து, "தொழிற்பேட்டை அருகில் வாழும் மக்களின் உடல்நலம்" என்ற தலைப்பில் ஒரு சர்வே செய்தோம். நாற்பது கேள்விகள். முதலில் ஆங்கிலத்தில் தயாரித்து, பிறகு தமிழாக்கி, ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அத்தை ஊருக்கே போனோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆரம்பித்து மாலை நான்கு மணிக்குள் முடித்துவிட்டோம். மதியம் அத்தை வீட்டில் மீன் குழம்பு. அந்தக் குழம்புக்காகவே மூன்று நண்பர்கள் வந்தார்கள் என்பது வேறு விஷயம்.

"தங்களுக்கு மூச்சுத் திணறல் உண்டா?" என்று ஒரு கேள்வி. பெரும்பாலானோர் "இல்லை" என்றார்கள். அத்தையும் "இல்லை" என்றார். அதை அப்படியே அட்டவணையில் போட்டு, சதவிகிதம் கண்டுபிடித்து, பார் சார்ட் வரைந்து, நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிட்டோம்.

கிளம்புகிற நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து காட்டினார். தேதி, நேரம், எந்தப் பக்கத்துக் காற்று, என்ன மாதிரி நாற்றம், உடம்புக்கு என்ன செய்தது என்று வரிசையாகக் கோடு போட்டு எழுதியிருந்தது. "நாங்க சில பேர் ரொம்ப நாளா இதை எழுதிக்கிட்டு வர்றோம் தம்பி. நீங்க கேட்ட நாப்பதுல இது எதுவுமே இல்லையே" என்றார். பேருந்துக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். அந்த நோட்டைப் பிரித்து ஒரு பக்கம்கூட ஒழுங்காகப் படிக்கவில்லை.

அந்த நோட்டுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய வரலாறு இருந்தது என்பது வேலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. நம் மாவட்டத்தில் நடந்ததை நம் கல்லூரியில் படித்த நாங்கள் அறியாமலேயே இருந்திருக்கிறோம். அதைத்தான் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

கலிபோர்னியாவில் பிறந்த வாளி

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் ரோடியோ என்று ஒரு சிற்றூர். அங்கே ஓர் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. 1994 ஆகஸ்ட் 22 தொடங்கி செப்டம்பர் 6 வரை பதினாறு நாட்கள் அந்த ஆலையிலிருந்து ரசாயனம் கசிந்தது. ஊர்க்காரர்களுக்கு வாந்தி, தலைவலி, மூச்சு முட்டல். அவர்களுக்காக வழக்காடியவர் எட் மாஸ்ரி என்ற வழக்கறிஞர். (எரின் பிரோக்கோவிச் என்ற ஆங்கிலப் படம் பார்த்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும்.) புகார் செய்தால், கருவிகளில் ஒன்றும் தெரியவில்லை என்ற பதில்தான் வரும். சரி, அப்படியானால் மக்கள் கையிலேயே ஒரு கருவி இருக்கட்டும் என்று 1995-ல் ஒரு பொறியாளரை வைத்து மலிவான காற்று மாதிரிக் கருவி ஒன்றை மாஸ்ரி செய்யச் சொன்னார். அதுதான் வாளி.

நிஜமாகவே பிளாஸ்டிக் வாளிதான்! சுமார் இருபது லிட்டர் பிடிக்கும் வாளி. காற்றுப் புகாத மூடி. உள்ளே டெட்லர் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக்கில் செய்த காலிப் பை. பையின் வாய் மட்டும் ஒரு குழாய் வழியாக வெளியே இருக்கும். சின்ன பம்ப் ஒன்றால் வாளிக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சினால், உள்ளே அழுத்தம் குறையும். வெளிக்காற்று குழாய் வழியாகப் புகுந்து பையை நிரப்பும். நாம் மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்கூடு விரிந்து நுரையீரல் நிரம்புகிறதே, அதே தத்துவம். காற்று பம்ப் வழியாகப் போகாததால் பம்பின் எண்ணெய், அழுக்கு எதுவும் மாதிரியில் கலக்காது. சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். பையை மூடி, உடனே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், அதற்குள் என்னென்ன வாயு, எவ்வளவு என்று பிரித்துச் சொல்லிவிடுவார்கள்.

லூசியானா மாநிலத்தில் நார்கோ என்ற ஊரில் கறுப்பின மக்கள் இந்த வாளியைக் கையில் எடுத்தார்கள். அவர்களை முன்னின்று நடத்தியவர் மார்கி ரிச்சர்ட் என்ற ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அவர்கள் வீடுகளை விலைக்கு வாங்கிக்கொண்டு வேறிடம் போக வழி செய்வதாக ஷெல் நிறுவனம் 2002-ல் ஒப்புக்கொண்டது. 2004-ல் அந்த அம்மாவுக்குக் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் பரிசு கிடைத்தது. அதே 2004-ல்தான் வாளி நம் ஊருக்கும் வந்தது.

கடலூருக்கு வந்த வாளி

சிப்காட் பற்றிய புகார்கள் அதற்கு முன்பே ஏராளம். ஓய்வுபெற்ற நீதிபதி ஜே. கனகராஜ் தலைமையிலான இந்திய மக்கள் தீர்ப்பாயம் கிராமத்தாரின் வாக்குமூலங்களைக் கேட்டு 2003-ல் அறிக்கை வெளியிட்டது. ஆனால் வாக்குமூலம் வேறு, எண் வேறு. "நாறுகிறது" என்று ஆயிரம் பேர் சொன்னாலும் அலுவலகக் கோப்பில் அது புகார்தான். ஓர் எண் இருந்தால்தான் அது ஆதாரம்.

அந்தச் சூழ்நிலையில் உருவானதுதான் "சிப்காட் பகுதி சமூக சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள்" என்ற அமைப்பு. நித்யானந்த் ஜெயராமன், ஸ்வேதா நாராயண் போன்ற செயற்பாட்டாளர்கள் துணை நின்றார்கள். வாளியை உலகம் முழுக்கக் கொண்டுசென்ற டென்னி லார்சன் பயிற்சிக்கு உதவினார். ஆனால் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் ஊர்க்காரர்கள். விவசாயம் பார்ப்பவர்கள், மீன்பிடிப்பவர்கள், வேலை தேடிக்கொண்டிருந்த இளைஞர்கள், வீட்டுப் பெண்கள்.

2004 செப்டம்பரில் அவர்களுடைய முதல் அறிக்கை வந்தது. வாளியில் பிடித்த காற்றை அமெரிக்க ஆய்வுக்கூடம் பிரித்துப் பார்த்ததில் இருபதுக்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருந்தன. அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. பல, அமெரிக்காவில் பாதுகாப்பானது என்று வைத்திருக்கும் அளவைத் தாண்டியிருந்தன. அமெரிக்க அளவோடு ஏன் ஒப்பிட்டார்கள் என்று கேட்கலாம். இப்படிப்பட்ட ஆவியாகும் கரிம ரசாயனங்களுக்கு அன்றைக்கு நம் நாட்டுக் காற்றுத் தர நிர்ணயத்தில் அளவே கிடையாது! கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, தூசு, ஈயம், கார்பன் மோனாக்சைடு, அம்மோனியா இவைதான் பட்டியலில் இருந்தன.

எதை, எப்போது, எங்கே?

தம்பி தங்கைகளே, இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நிதானித்துப் படிக்க வேண்டும். கிராமத்தார் செய்ததை "மாதிரி சேகரித்துக் கொடுத்தார்கள்" என்று சுருக்கிச் சொல்லிவிடலாம். அது தவறு. ஓர் ஆராய்ச்சியை வடிவமைக்கிறவர் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் மூன்று: எதை அளப்பது, எப்போது அளப்பது, எங்கே அளப்பது? இந்த மூன்றையும் தீர்மானித்தவர்கள் அவர்கள்தான்.

முதலில், எதை? ஊர்க்காரர்கள் நாற்றங்களைத் தங்களுக்குத் தெரிந்த பொருள்களின் பெயரில் வகைப்படுத்தி எழுதி வைத்தார்கள். அழுகிய முட்டை நாற்றம், அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம், நகப்பூச்சு வாசம் என்று. வேதியியல் படித்தவர் இந்தப் பட்டியலைப் பார்த்தால் சிரிக்க மாட்டார். அழுகிய முட்டை என்றால் ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டைக்கோஸ் என்றால் மெர்காப்டன் வகை. நகப்பூச்சு என்றால் அசிட்டோன் போன்ற கரைப்பான். ஆய்வுக்கூடத்தில் எதைத் தேடச் சொல்ல வேண்டும் என்பதற்கு அந்தப் பட்டியலே வழிகாட்டி.

என் தொழிலிலிருந்து ஒரு கணக்கு சொல்கிறேன். தொழிற்சாலைகளில் நாங்கள் பொருத்தும் ஹைட்ரஜன் சல்பைடு கருவி பொதுவாகப் பத்து லட்சத்தில் பத்து பங்கு என்ற அளவில் அலாரம் அடிக்கும். பல கருவிகளுக்கு ஒரு பங்குக்குக் கீழே படிக்கவே தெரியாது. மனித மூக்கோ, பத்து லட்சத்தில் ஒரு பங்கில் நூற்றில் ஒரு பகுதி இருந்தாலே கண்டுபிடித்துவிடும். அத்தையிடம் "மீட்டர் இருக்கு" என்றேனே, அந்த மீட்டரை விட அவருடைய மூக்கு நூறு மடங்கு நுட்பமானது! மூக்குக்கும் குறை உண்டு. அதே வாயு பத்து லட்சத்தில் நூறு பங்கை எட்டினால் மோப்பம் மரத்துப் போய்விடும். ஆபத்து கூடும்போது நாற்றம் தெரியாது. ஆகையால் மூக்கும் வேண்டும், கருவியும் வேண்டும். மூக்கு சொன்ன பிறகு வாளியைத் திறக்கும் முறையில் இரண்டும் சேர்ந்துகொண்டன.

அடுத்து, எப்போது? தேசியக் காற்றுக் கண்காணிப்பு முறைப்படி ஓர் இடத்தில் வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு 24 மணி நேரம், வருடத்தில் 104 நாள் அளப்பார்கள். பிறகு சராசரி எடுப்பார்கள். ஊரின் சராசரி நிலவரம் தெரிந்துகொள்ள அது நல்ல முறைதான். ஆனால் நடுராத்திரி ஒரு கால் மணி நேரம் மட்டும் ஒரு வாயு வீசி அடங்கிவிட்டால்? ஒரு நாளில் 96 கால் மணிகள். அந்த ஒரு வீச்சை 96-ஆல் வகுத்தால் தாளில் ஒன்றுமே மிஞ்சாது. ஆனால் அந்தக் கால் மணியில்தான் குழந்தை இருமிக்கொண்டு எழுந்து உட்காரும். "ராத்திரிதான் வரும்" என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். அதனால் அவர்கள் ராத்திரியில் ரோந்து போனார்கள்.

எங்கே? காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்துத் தெருவில், மூச்சு விடுகிற மனிதன் நிற்கிற இடத்தில். அலுவலகக் கட்டிடத்தின் மொட்டை மாடியில் ஒரு கருவியை நிலையாக வைத்தால், காற்று திரும்பிய நாளில் அது வேறு ஊர்க் காற்றைத்தான் அளந்துகொண்டிருக்கும்.

இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை ஊரில் இருந்தது. எங்கள் நாற்பது கேள்விகளில் ஒன்றுகூட அந்த விடையைத் தேடவில்லை. பகல் பத்து மணிக்குப் போனோம். அப்போது நாற்றம் இல்லை. "மூச்சுத் திணறல் உண்டா" என்று புத்தகத் தமிழில் கேட்டோம். அந்த ஊரில் அதற்குப் பெயர் "இளைப்பு", "நெஞ்சை அடைக்குது". மூச்சுத் திணறல் என்பது அத்தையைப் பொறுத்தவரை ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைக்கிற நிலைமை. அதனால்தான் "இல்லை" என்றார். பொய் சொன்னவர் அத்தை இல்லை. எங்கள் பார் சார்ட்!

பிறகு நடந்தவை

அபாயகரமான கழிவுகள் குறித்து உச்ச நீதிமன்றம் 2003-ல் ஏற்படுத்திய கண்காணிப்புக் குழு 2004-ல் கடலூருக்கு நேரில் வந்து பார்த்தது. கிராமத்தார் எடுத்த அளவுகள் அந்தக் குழுவின் கவனத்துக்குப் போயின. அதற்குப் பிறகுதான் சிப்காட் காற்றில் ஆவியாகும் கரிம ரசாயனங்களை அளக்க வேண்டும் என்ற பேச்சு அரசு மட்டத்தில் வலுப்பெற்றது. அதே வருடம் டிசம்பர் 26-ல் சுனாமி வந்து நம் கடற்கரையைப் புரட்டிப் போட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்தத் துயரத்துக்குப் பிறகும் சிப்காட் கிராமங்களில் கண்காணிப்பு நிற்கவில்லை.

நாக்பூரில் உள்ள தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம், சுருக்கமாக நீரி, பிறகு இங்கே ஆய்வு நடத்தியது. அதன் முடிவு 2008-ல் செய்திகளில் அடிபட்டது. சிப்காட் பகுதி மக்களுக்குப் புற்றுநோய் அபாயம் 2,000 மடங்கு அதிகம் என்று பத்திரிகைகள் எழுதின. இந்த எண்ணை நாம் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். காற்றில் இருக்கும் ரசாயனத்தை அளந்து, வாழ்நாள் முழுவதும் அதைச் சுவாசித்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்ட அபாயம் அது. வீடு வீடாகப் போய் நோயாளிகளை எண்ணிச் சொன்னதில்லை. ஆனாலும் நாட்டின் பெரிய ஆய்வு நிறுவனம் ஒன்று, கிராமத்தார் வாளியில் பிடித்துக் காட்டிய அதே வகை ரசாயனங்களைத் தேடி அளந்தது என்பது சாதாரண விஷயமா?

2009 டிசம்பரில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்கத் தொழிற்பகுதிகளுக்கு மாசு மதிப்பெண் போட்டது. 70-ஐத் தாண்டினால் மிகக் கடுமையாக மாசுபட்ட பகுதி. கடலூருக்குக் கிடைத்தது 77.45. பரீட்சையில் இந்த மார்க் வந்தால் முதல் வகுப்பு என்று மிட்டாய் கொடுத்திருப்போம்! 2010 ஜனவரியில் இப்படிப்பட்ட 43 பகுதிகளில் புதிய தொழிற்சாலைகளுக்கும் விரிவாக்கத்துக்கும் மத்திய அரசு தற்காலிகத் தடை விதித்தது. அதற்குச் சற்று முன், 2009 நவம்பரில், தேசியக் காற்றுத் தரப் பட்டியல் 12 பொருள்களாக விரிவாக்கப்பட்டு, அதில் பென்சீனும் இடம்பெற்றது. இவ்வளவும் கடலூர் வாளியால்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. தேர் நகர்வதற்கு எத்தனையோ கை வேண்டும். ஈச்சங்காட்டுக் கையும் அந்த வடத்தில் இருந்தது என்றுதான் சொல்கிறேன்.

கதை சுபமாக முடிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். 2021 மே 13-ல் அதே சிப்காட்டில் ஒரு பூச்சிக்கொல்லித் தொழிற்சாலையில் நடந்த விபத்தில் நான்கு தொழிலாளர்கள் இறந்தார்கள். 2025 மே மாதம் ஒரு சாயத் தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டி உடைந்து, கழிவுநீர் குடிகாட்டில் வீடுகளுக்குள்ளேயே புகுந்தது.

மறுபக்கமும் உண்டு

நம் முன்னாள் மாணவர்களில் பலர் சிப்காட்டில் வேலை பார்க்கிறார்கள். இதைப் படித்து முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. வாளிக்குக் குறைகள் உண்டு என்பது எனக்கும் தெரியும். அது சில நிமிடக் காற்றைத்தான் பிடிக்கிறது. வருடச் சராசரி தராது. எந்தத் தொழிற்சாலையிலிருந்து வந்தது என்று அது தனியாகச் சொல்லாது. இந்த வாயுவால்தான் இன்னாருக்கு இந்த நோய் வந்தது என்று நிரூபிக்கவும் முடியாது. அதற்கெல்லாம் பெரிய ஆய்வுக்கூடமும், மருத்துவரும், புள்ளியியல் அறிந்தவரும், பல வருட உழைப்பும் வேண்டும். தொழிற்சாலை வேலையால் எத்தனையோ குடும்பங்கள் தலையெடுத்ததும் உண்மை. என் அத்தை மகனே அங்கே ஷிப்ட் வேலைக்குப் போனவன்தான்.

ஆனால் அந்தப் பெரிய ஆய்வு எங்கே தொடங்க வேண்டும் என்று சுட்டிக்காட்டியது வாளிதான். ஊர்க்காரர்களைக் கேட்காமல் தொடங்கினால், விலையுயர்ந்த கருவியை வைத்துக்கொண்டு தப்பான நேரத்தில், தப்பான இடத்தில், தப்பான வாயுவை மிகத் துல்லியமாக அளந்துகொண்டிருப்போம்.

உலகம் இதை முன்பே சொல்லியிருக்கிறது. 1978-ல் அல்மா ஆட்டாவில் நடந்த சுகாதார மாநாட்டின் பிரகடனம், தங்கள் ஆரோக்கியத்துக்கான திட்டமிடலில் பங்குபெறுவது மக்களின் உரிமையும் கடமையும் என்றது. தேசிய ஊரக சுகாதார இயக்கம் 2005-ல் வந்தபோது, மக்களே சுகாதாரச் சேவையைக் கண்காணிக்கும் முறையைச் சோதித்துப் பார்த்த மாநிலங்களில் தமிழகமும் ஒன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளும் ஆய்வில் சமூகத்தை ஈடுபடுத்த வேண்டும் என்கின்றன. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. நம் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள்

மேடையில் பேசுகிறவர்கள் யோசனை சொல்லாமல் இறங்க மாட்டார்கள். எழுதுகிறவனுக்கும் அந்த உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலாவது, ஊர்களுக்குப் போய்ச் செய்யும் புராஜெக்ட் எதுவானாலும், முதல் முறை போகும்போது கேள்வித்தாள் இல்லாமல் வெறும் நோட்டோடு போங்கள். "நாங்க எதைக் கேக்கணும்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். கேள்விகளை அவர்கள் பேசும் வார்த்தைகளிலேயே எழுதி, அவர்களிடமே படித்துக் காட்டித் திருத்துங்கள்.

இரண்டாவது, முடிவு வந்ததும் அதை முதலில் அந்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். எங்கள் ரிப்போர்ட் மூன்று பிரதி எடுத்தோம்: கல்லூரிக்கு ஒன்று, வழிகாட்டி ஆசிரியருக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. மீன் குழம்பு போட்ட ஊருக்கு ஒன்றும் இல்லை!

மூன்றாவது, சிப்காட்டில் பணிபுரியும் நம் முன்னாள் மாணவர்கள் வருடத்தில் ஒருநாள் கல்லூரிக்கு வந்து, அங்கே பயன்படும் ரசாயனங்கள் எவை, அவற்றின் வாசம் என்ன, கசிந்தால் எந்தத் திசைக்கு ஓட வேண்டும் என்று மாணவர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் சொல்லிக்கொடுக்கலாம். இதில் நிறுவன ரகசியம் எதுவும் இல்லை. பழைய வாயுக் கருவிகள் நான்கைந்தைச் சரிசெய்து, அளவு பார்த்து, கல்லூரி ஆய்வகத்துக்குத் தருவது என் பொறுப்பு. வாளி செய்யக் கற்றுக்கொடுக்கவும் ஒரு சனிக்கிழமை வருகிறேன்.

போன தைப்பூசத்துக்கு வடலூர் வந்தபோது அத்தை வீட்டுக்கும் போயிருந்தேன். இப்போது அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. தலையணைக்குப் பக்கத்தில் இன்ஹேலர் வைத்திருக்கிறார். அது எதனால் வந்தது என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அளந்திருந்தால் ஒருவேளை இருந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் காலமாகிவிட்டாராம். அந்த நோட்டு என்ன ஆயிற்று என்று கேட்டேன். வீட்டை இடித்துக் கட்டும்போது பழைய பேப்பரோடு போய்விட்டதாம்.

"அத்தை, அன்னைக்கு நாங்க நாலு பேர் வந்தோமே, ஞாபகம் இருக்கா? நாங்க என்ன கேட்டிருக்கணும்?" என்றேன்.

அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார். "கேக்கறது இருக்கட்டும்பா. சாப்பிட்டுட்டு சாயங்கால பஸ்சுக்கே கிளம்பிட்டீங்க. அன்னைக்கு ராத்திரி தங்கியிருக்கணும்" என்றார்.

அன்றைக்கு நான் தங்கினேன்.